நான் மறக்கவில்லை, கதிர்

கதிருக்கு, அப்பா எழுதுகிறேன்.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து பேசினாயே, பத்திரிகை, மண்டபம், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில், "அப்பா, அவங்களும் வாராங்க. படம் மட்டும் எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க. இந்தத் தடவை மறந்துறாதீகப்பா" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. வயதானவருக்கு மாத்திரையை நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது. "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்ததும், அது ஆறியதும், அவள் வைதுவிட்டு எடுத்துப் போனதும் எனக்குத் தெரியவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அப்பா மகனுக்கு எழுதுகிற கடிதம் என்றால் புத்திமதி நிறைய இருக்க வேண்டும். எனக்கு அதற்கு யோக்கியதை குறைவு. ஒரு பொய்யை உன் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன், புது வாழ்க்கைக்குள் நீ அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உன் காதில் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதும் நியாயமில்லை, தப்பை ஊரறியச் செய்தவன் நான். அதனால் உன் கல்யாணம் முடிந்து, விருந்தாளிகள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு, இதை நம் குழுவின் கூட்டத்திலும் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். அதுவும் நீ போனில் சொன்ன அந்தப் பெண் சம்மதித்தால்தான். அவள் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. என்ன படித்தாள், எந்த ஊர்க்காரி என்பதும் இருக்காது. கூடுதலாக ஏதாவது எழுதிவிட்டேன் என்று உனக்குப் பட்டால் அடித்துவிடு. நோட்டீஸில் ஒரு எழுத்தைத் திருத்தினாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன்தான் சொல்கிறேன், தாராளமாக அடி.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தவன் நீ. நம்மூர்ப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்த பர்மாக்காரப் பெண். அவள் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, ஜனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்களை எல்லாம் உள்ளே தள்ளி, தெருவில் இறங்கியவர்களைச் சுட்டுக்கொண்டிருந்த சமயம். ஹாஸ்டலில் எந்நேரமும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வேளையாவது வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும் என்று சொல்லிக் கூட்டி வந்தாய். உன் அம்மா இலை போட்டு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வைத்தாள். ரசித்துத்தான் சாப்பிட்டாள். ஒரு கட்டத்தில் "போதும் ஆன்ட்டி" என்று இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டாள். அம்மா அந்தக் கைகளுக்கு நடுவில் தெரிந்த சந்தில் இன்னொரு பணியாரத்தை வைத்தாள். "கூச்சப்படாம சாப்புடு தாயி, இங்குட்டு யாரு இருக்கா, எல்லாம் நம்ம வீடுதான்" என்றாள். அவள் நம் முகங்களைப் பார்த்தாள். பிறகு அதையும் சாப்பிட்டாள். எல்லாரும் சிரித்தோம். நம் பக்கத்தில் போதும் என்றால் போதும் என்று அர்த்தமில்லை. வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது, அதையும் மீறி வைத்தால்தான் உபசாரம். பந்தியில் இலையை மறைத்தவர் கையை விலக்கிவிட்டு நானே எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அதற்கு எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

சாப்பிட்டு முடிந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். உன் தாத்தா பர்மாவில் பிறந்தவர், அவருடைய அப்பா நெற்குப்பைப் பக்கத்திலிருந்து ஒரு செட்டியார் கடைக்கு வேலையாளாகப் போய், பிறகு தனியாகப் பலசரக்குக் கடை போட்டவர், அறுபதுகளில் அங்கே வந்த ராணுவம் கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலேறி வந்த குடும்பம் நம்முடையது என்று நீ சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதை அத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அந்த இடத்துல உங்க கடை வர்றதுக்கு முன்னாடி யார் இருந்தாங்க அங்கிள்?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்கு வீடு பற்றி எரிந்துகொண்டிருக்கிறது, நான் எந்தக் காலத்திலோ போன கடையைப் பற்றி அவளிடமே முறையிட்டுக்கொண்டிருக்கிறேன். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"நம்ம ஊர்லயே ஒரு குழு ஆரம்பிப்போம்ப்பா. பேஸ்புக்ல வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தா என்ன பிரயோஜனம்" என்று நீ சொன்னபோது எனக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்து நீ பெருமைப்பட்டாய். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவரை யூனியனில் கிளைச் செயலாளர். வாயிற்கூட்டம், மைக் செட், நோட்டீஸ், மேடை என்று ஓடிக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்ற மறுமாதமே "தலைவரே" என்று கூப்பிட ஆளில்லை. ரேஷன் கடை வரிசையில் கையில் பையோடு நிற்கிற ஆளாகிவிட்டேன். அப்படிக் காய்ந்து கிடந்தவனிடம் நீ ஒரு குழுவைக் கொண்டுவந்து நீட்டினாய். பர்மா மக்கள் தோழமைக் குழு, காரைக்குடி. பெயர் வைத்தவன் நான், ரப்பர் ஸ்டாம்ப் செய்தவன் நான். பேட்டரிக் கடை காதர் அண்ணன் மாடியில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு காரிலும் ஒரு ஆட்டோவிலும் அடங்கிவிடுவார்கள். அதில் தலைவர், கௌரவத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர்கள், பொருளாளர் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது போக, வெறும் உறுப்பினராக மிஞ்சியது உன் அம்மா மட்டும்தான். எனக்குத் தலைவர் போதவில்லை, நிறுவனத் தலைவர் என்று போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் அந்த முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன, அதை மறுக்க மாட்டேன். அவள் ஊரில் சாயங்காலமானால் ஜனங்கள் வாசலில் நின்று சட்டி பானையைத் தட்டுகிறார்கள், கெட்டதை விரட்ட அங்கே அதுதான் வழக்கம் என்று சொன்னாள். நாமும் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகப் பெரியார் சிலைப் பக்கம் போய் நின்று தட்டினோம். போகிற பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "என்னண்ணே, மறுபடியும் கொரோனாவா?" என்று கேட்டார். அவளே சிரித்துவிட்டாள். முகக்கவசம் போட்டிருந்தாள், கண் சிரித்ததை வைத்துத்தான் தெரிந்தது. கொரோனாவுக்குப் போட்டிருக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். எதற்குப் போட்டிருந்தாள் என்பது நமக்குத் தெரியும். பிறகு நீங்கள் இரண்டு பேரும் காதர் அண்ணனும் மர டிப்போக்களுக்குப் போய், இப்போது வருகிற பர்மா தேக்கில் கிடைக்கிற காசு அந்த ராணுவத்துக்குத்தான் போகிறது, வாங்காதீர்கள் என்று பேசினீர்கள். "அண்ணே, இது அங்குட்டுருந்து நேரா வரல, வேற நாடு சுத்தி வருது. மரத்துக்கு எந்த ஊருன்னு எழுதியா ஒட்டியிருக்கு?" என்று ஒருவர் விரட்டினார். இன்னொருவர் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, இனிமேல் எடுக்கவில்லை என்று சொன்னார். சொன்னபடி இன்று வரை எடுக்கவும் இல்லை. நம் குழு செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். மைக் இல்லாமல், மேடை இல்லாமல் நடந்ததால் எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பெரிதாக ஒரு கூட்டம் போட வேண்டும் என்று அரித்துக்கொண்டே இருந்தது.

உனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து நீ கிளம்பியதும் எனக்கு வசதியாகப் போயிற்று. கண்டனப் பொதுக்கூட்டம் என்று அறிவித்தேன். அவள் பேசச் சம்மதித்தாள். அதற்கு முன் வீட்டுக்கு வந்து, நம் கூடத்தில் நின்றபடியே, அவளுக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அங்கிள், நான் மாஸ்க் போட்டுட்டுப் பேசறேன். என் போட்டோ வேண்டாம். பேர் வேண்டாம். அங்க அண்ணன் இருக்காரு." அவளுடைய அண்ணன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ராணுவத்துக்குக் கீழே வேலை பார்க்க மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றவர்களில் ஒருவர், சொந்தக்காரர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். "கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அடுத்து நடந்ததில் ஒரு பாதிதான் உனக்குத் தெரியும். பிளக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் காட்டினார். மேலே குழுவின் பெயர், கீழே தேதி, இடம், ஒரு ஓரத்தில் கைகூப்பிய என் படம், மீதி இடம் வெறுமையாக இருந்தது. "சீப் கெஸ்ட் படம் குடுங்கண்ணே" என்றார். படம் வேண்டாம் என்றேன். நாற்காலியை ஒரு சுற்று சுற்றி என்னைப் பார்த்துவிட்டு, "ஒத்தையா ஒங்க படம் மட்டும் கைகூப்பிக்கிட்டு இருந்தா கண்ணீர் அஞ்சலி மாதிரில இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கே என்னவோ போலிருந்தது. போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே வந்தேன். பொங்கலுக்கு அவள் நம் வீட்டுக்கு வந்தபோது, அம்மா தன் பட்டுச்சேலையைக் கட்டிவிட்டு மல்லிகைப்பூ வைத்துவிட்டு எடுத்த படம் இருந்தது. என் விரல் அதன் மேல் நின்றது. அப்போது அவள் சொன்னது காதில் கேட்டது, கதிர். "அங்க அண்ணன் இருக்காரு." கடையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் சத்தத்தையும் மீறி, நன்றாகக் கேட்டது.

கூச்சத்துக்குச் சொல்கிறாள், கட்டியிருப்பதைப் பார்த்தால் உள்ளூரச் சந்தோஷப்படுவாள் என்று சொல்லிக்கொண்டேன். காரைக்குடியில் கட்டுகிற பிளக்ஸை பர்மாவில் எவன் பார்க்கப் போகிறான் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டில் ஒன்றையாவது மனதார நம்பினேனா என்று கேட்டால், இல்லை. அவள் முகம் இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் நான் எடுபடுவேன். அதற்காகத்தான் படத்தைக் கொடுத்தேன். பெயரைக் கொடுத்தேன். ஊரையும் கொடுத்தேன். "பர்மாவின் வீரமங்கையே வருக வருக" என்று போடச் சொன்னேன். பெயரை இங்கிலீஷிலும் போடுங்கள், உலகம் பார்க்கட்டும் என்றேன். கடைசியாக, என் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். அவள் படத்தைவிடப் பெரிதாக.

மின்கம்பத்தில் பிளக்ஸ் கட்டுகிறவர்களை வேலையில் இருந்தவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இதை நானே ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். கூட்டத்தன்று அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள், மண்டப வாசலில் தன்னையே பட்டுச்சேலையில் அண்ணாந்து பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் அன்று சிரிக்கவில்லை. உள்ளே வந்து, "அங்கிள், நான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "நம்ம ஊர்ல இதெல்லாம் சகஜம்மா" என்றேன். மேடைக்கு வரமாட்டேன் என்று சாப்பாட்டுக்கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்ப் பொன்னாடை போர்த்தினேன். பிறகு மேடையேறி, என் தாத்தாவின் கடையைப் பற்றி நீளமாகப் பேசினேன். நல்ல கைதட்டல். அவள் பேசவே இல்லை, இடையிலேயே கிளம்பிவிட்டாள் என்பதைக் காதர் அண்ணன் வந்து சொன்னபோதும், சின்னப் பிள்ளை, பயந்துவிட்டாள் என்றேன். "புள்ள அம்புட்டுத் தூரம் சொல்லுச்சே. இன்னைக்கே கழட்டிருங்கண்ணே" என்றார் அவர். நாளைக்கு என்றேன். பார்த்தவர்கள் எல்லாரும் பிளக்ஸ் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த நாளை வரவே இல்லை.

அந்தப் படத்தை யார் பேஸ்புக்கில் போட்டார்கள், யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று நீ எவ்வளவோ துருவினாய். அதனால் என்ன ஆகப்போகிறது, போடுவதற்கு ஒரு படத்தைக் கொடுத்தவன் நான். அங்கே அவள் வீட்டுக் கதவைத் தட்டிய ராணுவக்காரர்கள் செல்போனில் அந்தப் பிளக்ஸைக் காட்டி, இது உன் மகள்தானே என்று அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அன்றைக்கென்று அண்ணனும் வீட்டுக்கு வந்திருந்தார். அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தி தெரிந்ததும் நீ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் நின்று, "அவங்க வேண்டாம்னு சொன்னது ஒங்களுக்கு ஞாபகம் இல்லையாப்பா?" என்று கேட்டாய். நீ என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. உன் கேள்வியிலேயே எனக்கு ஒரு கதவு திறந்திருந்தது, அதில் புகுந்துகொண்டேன். "மறந்துட்டேன்டா. வயசாகுதுல்ல" என்றேன். நீ அப்படியே தணிந்துபோனாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தாய். நீ என்னைத் தள்ளிவிட்டு வெளியே போயிருந்தால் எனக்கு அது குறைந்த தண்டனையாக இருந்திருக்கும். நீ போய் அவளிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்க செய்யல அங்கிள். அவங்கதான் செஞ்சாங்க. நீங்க மறந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள், நான் தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் மறதிக்காரன். வாரம் தவறாமல் உன் அம்மா வல்லாரைத் துவையல் அரைக்கிறாள். "நல்லா நெய் விட்டுப் பெசஞ்சு சாப்புடுங்க, நரம்புக்கு ஏறும். வெளிய போனா வண்டிச் சாவியப் பையில வச்சீகளான்னு ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கங்க" என்கிறாள். அந்தத் துவையல் என் தொண்டையில் இறங்குகிற லட்சணத்தை என்னவென்று சொல்ல. நீ லீவு போட்டு வந்து என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாயே, அவர் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாரே, நான் கார்த்திகைக்கும் ஐப்பசிக்கும் நடுவில் தடுமாறினேனே, அது நடிப்பு. நீ பக்கத்தில் உட்கார்ந்து கவலையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சரியாகச் சொல்லிவிட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து தடுமாறினேன். செய்த தப்பில்கூட ஒரு வேகம் இருந்தது, அவசரம் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு எதைச் சொல்ல.

பிளக்ஸ்களை நானே ஏணி எடுத்துக்கொண்டு போய்க் கழற்றினேன். நேமத்தான்பட்டி சாலையில் கட்டியது மட்டும் காணவில்லை. யாராவது கூரைக்கு எடுத்துப்போயிருப்பார்கள், நம் பக்கத்தில் எந்த பிளக்ஸும் வீணாவதில்லை. டீக்கடை, வைக்கோல்படப்பு, கோழிக்கூண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அலைந்தேன். கடைசியில் ஒரு ஆட்டுக்கொட்டகையின் மேல் கிடந்தது. வானத்தைப் பார்த்து நானும் அவளும். கொட்டகைக்காரம்மா தழை ஒடித்துக்கொண்டிருந்தார். என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட, நீங்கதானாண்ணே. மக கல்யாணத்துக்கு அடிச்சதா? பட்டுச்சேலையில லச்சணமா இருக்கு புள்ள. நல்லா இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "நல்லா இருக்கு ஆத்தா" என்றேன். மழை வரப்போகுது, இதை எடுத்தால் ஆடு நனையும் என்று யோசித்தார். கடைத்தெருவுக்குத் திரும்பி வந்து ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிப்போய் நானே ஏறிக் கட்டிக் கொடுத்தேன். பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பெண்ணின் முகத்தைக் கிழிக்கவோ கொளுத்தவோ மனது வரவில்லை. வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, அவள் முகத்தையும் பெயரையும் மட்டும் இரண்டு முறை பூசி மறைத்தேன். இப்போது அது பரணில் இருக்கிறது. அதில் நான் மட்டும் கைகூப்பிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் சொன்னது போலத்தான் இருக்கிறது.

நிறுவனத் தலைவர் பதவியைக் காதர் அண்ணன் முன்னிலையில் விட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரியும். அதற்கும் உடல்நிலை என்றுதான் காரணம் சொன்னேன். குழு நடக்கிறது. பிளக்ஸ் இல்லை, பொன்னாடை இல்லை, யார் வந்தார்கள் என்று யாரும் படம் பிடிப்பதில்லை. மர டிப்போக்காரர்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள், எம்.பி.க்குக் கடிதம் போடுகிறார்கள். நான் நாற்காலி எடுத்துப் போடுகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். அவள் அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது, "ஏதாச்சும் சேதி உண்டாண்ணே?" என்று காதர் அண்ணனிடம் கேட்கிறேன். அவர் இல்லை என்று தலையசைப்பார். அதற்கு மேல் என்னிடம் பேச மாட்டார். நான் மறக்கவில்லை என்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு புத்திமதி, அதையும் நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளாதே. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொன்னால், கூச்சத்துக்குச் சொல்கிறாள், சும்மா சொல்கிறாள், உள்ளூர ஆசைதான் என்று நீயாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. நாம் அப்படியே வளர்ந்தவர்கள். அன்பு என்ற பெயரில் மற்றவர் கையை விலக்கிவிட்டு வைத்தே பழகிவிட்டோம். என்னால் உன் அம்மா எத்தனை வேண்டாம்களை விழுங்கியிருப்பாள் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஒரு நாடே வீட்டு வாசலில் நின்று சட்டியைத் தட்டித் தட்டி வேண்டாம் என்கிறது, அது காதில் ஏறாதவர்களை எதிர்த்துத்தான் நான் குழு நடத்தினேன். என்னிடம் ஒரே ஒரு பெண், நம் வீட்டுக் கூடத்தில் நின்று, தமிழிலேயே சொன்னாள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமன் மண்டப வாசலுக்குப் பெரிய பிளக்ஸ் சொல்லி வைத்திருந்தார், நான் போய் நிறுத்திவிட்டேன். "மாப்ள வீட்டுல ஒரு பிளக்ஸ் இல்லன்னா ஊரு என்ன பேசும், நீங்க என்ன இப்புடி ஆயிட்டீக" என்று கோபித்துக்கொண்டிருக்கிறார், நீ பேசிச் சரிபண்ணு. சிங்கப்பூரில் உன் அத்தை பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்த நேரலையும் கிடையாது. அந்தப் பர்மாப் பிள்ளைக்குப் பெண்கள் பக்கத்தில் தூணுக்குப் பின்னால், காதர் அண்ணன் வீட்டாரோடு இடம் போட்டிருக்கிறேன். அவள் வந்ததும், நீயும் கூட இருக்க, இந்தக் கடிதத்தில் இருப்பதை அவளிடம் என் வாயாலேயே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு அவள் அப்படியே திரும்பிப் போனாலும் அது அவள் இஷ்டம், நீ தடுக்காதே. பந்தியில் அவள் போதும் என்றால் யாரும் எதுவும் வைக்கக் கூடாது என்று உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவளுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டத்தான் போகிறேன். அதன் பிறகு துவையல் வருமா, வேறு ஏதாவது வருமா தெரியாது.

வீடியோக்காரரிடம், மேடையைத் தவிர எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டால் போதாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும், எனக்கும்தான் சொல்லியிருந்தார்கள். அதனால் நீ தாலி கட்டுகிற நேரத்தில் நான் மணவறையில் இருக்க மாட்டேன். உன் அம்மாவுக்குப் பக்கத்தில் என் இடத்தில் உன் சித்தப்பா நிற்பார், கேட்டு வைத்துவிட்டேன். நான் கீழே வீடியோக்காரரின் தோளை ஒட்டி நிற்பேன். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்து அட்சதை போடுவார்கள், அந்தக் கூட்டத்தை எடுக்கத்தான் அவர் கை பரபரக்கும். திருப்பினார் என்றால் கேமராவை மறைப்பேன். அவள் அன்றைக்கு நம் வீட்டில் இலையை மறைத்தாளே, அப்படி, இரண்டு கையாலும். நீ தாலி கட்டுவதை நான் பார்க்க முடியாமல் போகலாம். மேளச் சத்தம் கேட்கும், அது போதும் எனக்கு.

பிறகு ஆல்பம் வரும். உன் பெண்டாட்டி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, தாலி கட்டுற படத்துல மாமாவக் காணோமே, எங்க போனாங்க என்று கேட்பாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தாலும் சரி, உன் வாயால் சொன்னாலும் சரி. மறந்துட்டாரு என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா